எந்த வெளிச்சத்தில் பார்த்தாய்?

என் தம்பியின் இரண்டு கைகளையும் வேகவைத்தவன் என்று ஊரே கைகாட்டிய ஆளுக்குத் தீர்ப்புச் சொல்ல, குலுக்கலில் என் பெயர் விழுந்தது. கடிதத்தைப் படித்ததும் நேராக மக்கள் தீர்ப்பு மன்ற அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான்.

"ஏனுங்க, அடிபட்டவன் எங்கூடப் பொறந்தவன். நானே உக்காந்து நாயஞ் சொன்னா, அதுக்குப் பேரு நாயமுங்களா?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆதிரை என்று பெயர்ப்பலகை. சிரித்த முகம், மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு.

"அது பழைய சட்டம்க்கா. நிதானி வந்தப்புறம் சொந்தக்காரங்க, பகையாளி, எதுவும் பாக்கறதில்ல. யார் பேரு விழுந்தாலும் உக்காரலாம். அத மாட்டிக்கிட்டீங்கன்னா உங்க தம்பியும் ஒண்ணுதான், ரோட்டுல போறவரும் ஒண்ணுதான்."

"அப்படி என்னத்தப் பண்ணும் அது?"

"ரெண்டு நெத்திப்பொட்டுலயும் ஒட்டிக்கும். கோபம், பயம், அருவருப்பு, இந்த மூணும் மூளையில கெளம்புற எடத்துல சத்தத்தக் கொறைச்சிடும். அவ்வளவுதான். உங்க அறிவு, ஞாபகம், எதையும் தொடாது. கலவரம் நடந்த ஊர்லகூட இத வெச்சு அமைதியா தீர்ப்பு வாங்கியிருக்கோம். உணர்ச்சிய எடுத்துட்டா மிச்சம் இருக்கறது நியாயம்தானேக்கா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே அது தேவைப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழு வாரமாக நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த வடக்கத்தியான் கழுத்தை நெரிப்பதாக நினைத்துக்கொண்டேதான் தினமும் சோறு தின்றேன். இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான். என் தம்பி சபரீஷ் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். வெயில் சாயம் போடுகிற பட்டறை. வெளிச்சம் பட்டால்தான் அந்தச் சாயம் துணியில் இறுகும். அது வந்த பிறகுதான் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு இல்லாமல் தண்ணீர் தண்ணீராக ஓடுகிறது. கூடத்துக்குள்ளேயே இறுகிவிடக் கூடாதென்று வேலை நேரத்தில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியவிடுவார்கள். ஒரு நாள் மத்தியானம் சலவை டிரம்மில் துணி சிக்கிக்கொண்டது. சபரீஷ் நீராவி வால்வை மூடிவிட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துணியை இழுத்துக்கொண்டிருந்தான். யாரோ வால்வைத் திறந்துவிட்டார்கள். முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. கத்திக்கொண்டே திரும்பியவன், வால்வை விட்டு ஒருவன் நடந்து போவதை ஆவிக்கு நடுவே பார்த்திருக்கிறான். முதுகு மட்டும்தான், முகம் இல்லை. பச்சைச் சட்டை.

அந்தப் பட்டறையில் உள்ளூர்க்காரர்களுக்கு மெரூன் சட்டை, ஒப்பந்தத்தில் வந்த வடநாட்டுக்காரர்களுக்குப் பச்சைச் சட்டை. அந்த நேரம் கூடத்தில் இருந்தவர்கள் சபரீஷைச் சேர்த்து ஆறு பேர். மூன்று மெரூன், மூன்று பச்சை. பச்சையில் இரண்டு பேர் அந்த நிமிஷம் கூடத்தின் மறுகோடியில் கேமரா முன்னால் நின்றிருந்தார்கள். வால்வுப் பக்கம் கேமரா இல்லை. மிச்சம் ஒரே ஒரு பச்சைச் சட்டை. துரியோதன் மாஜி. ஒடிசாக்காரன், ஒன்பது வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறான். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் சாப்பாட்டு வரிசையில் அவனுக்கும் சபரீஷுக்கும் கைகலப்பு. "பாத்துக்கறேன்" என்று அவன் சொன்னதை இருபது பேர் கேட்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்தான் என்று நாங்கள் முடிவு சொன்னால் ஏழு வருஷம் சிறை. அவனுக்குப் பெண்டாட்டி உண்டு, ஐந்தாவது படிக்கிற மகள் உண்டு.

மன்றத்தில் நாங்கள் ஐந்து பேர். நான், பெயர் கோகிலவாணி, ஒரு பனியன் கம்பெனியின் ஷேட் ரூமில் வேலை. துணியின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து ஓகே சொல்லும் அறை அது. அடுத்தவர் நாச்சிமுத்தண்ணன், பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்துகிறார். மருந்துக்கடை ஷகிலா. டியூஷன் எடுக்கும் ஜெபராஜ் சார். பஸ் கண்டக்டர் தவமணி.

விசாரணை நாளன்று காலையில் முதல் வேலையாக நிதானியை ஒட்டிவிட்டு எங்களைப் பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். அதை ஒட்டியதும் எப்படி இருந்தது என்றால், பழைய ஃபேன் சத்தத்திலேயே இருந்து பழகிவிட்டு, கரண்ட் போனதும் அடடா இவ்வளவு சத்தமா இருந்தது என்று தோன்றுமே, அப்படி இருந்தது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. அழுகை வந்துவிடும் போல் இருந்தது, ஆனால் வரவில்லை.

விபத்துக்குப் பிறகு அந்தக் கூடம் மூடியே கிடந்ததாம். நாங்கள் வருகிறோம் என்று மேலே இருந்த பெரிய வெள்ளை விளக்குகளையெல்லாம் போட்டுவைத்திருந்தார்கள். காவலாளி ஒருவர் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு வால்விலிருந்து நடந்து காட்டினார். டிரம் பக்கத்தில் நின்று பார்த்தோம். பளிச்சென்று பச்சை. எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். இருபத்தாறு வருஷம் ஷேட் ரூமில் குப்பை கொட்டியவள் ஆட்டினேன்! அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு மன்றத்தில் விசாரணை. எங்கள் ஐந்து பேருக்கும் எதிரே ஒரு திரை. ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு கோடு. மனசு அமைதியாக இருந்தால் நீலம், கலைந்தால் சிவப்பு. சபரீஷ் வந்தான், இரண்டு கையிலும் கட்டு. "பச்சைச் சட்டைங்க. எங்கண்ணால பாத்தனுங்க" என்றான். யாரோ ஒரு பையனைப் பார்ப்பது போல நான் அவனைப் பார்த்தேன். என் கோடு நீலம்.

துரியோதன் மாஜிக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, முன்வழுக்கை. "நான் பண்ணல. நான் மூட்டை பக்கம் இருந்தேன்" என்றான். மூன்று பக்கம் ஒடியாவில் எழுதிக் கொடுத்திருந்தான். அதற்கு மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லை என்றாள் ஆதிரை. அவருக்குத்தான் தமிழ் தெரியுமே, சொல்லிவிட்டாரே, பரவாயில்லை என்றோம்.

அவனை வெளியே அனுப்பிவிட்டு எங்களுக்குள் பேசினோம்.

"பேரே துரியோதனன்," என்றார் நாச்சிமுத்தண்ணன், இன்றைக்கு என்ன காய் என்று சொல்லுகிற குரலில். "பெத்தவங்களே தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க."

"அந்தப் பக்கத்து ஆளுங்க கோவக்காரங்கதானுங்க. பஸ்ஸுல நான் பாக்காததா," என்றாள் தவமணி.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஐந்து கோடும் நீலமாகவே இருந்தன. பச்சைச் சட்டை, சண்டை, மிரட்டல். பன்னிரண்டே நிமிஷத்தில் ஐந்து கையும் உயர்ந்தன, வேண்டுமென்றே செய்தான் என்று. அரைக்கிலோ தக்காளி போடுங்க என்று சொல்வதுபோல என் கை சாதாரணமாக மேலே போயிற்று.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிதானியை ஒட்டியிருக்கக் கூடாது என்று விதி. சாப்பாட்டு இடைவேளையில் கழற்றிவிட்டு, அப்புறம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கழற்றிய அரை நிமிஷத்தில் பழைய கோபம் முழுசாகத் திரும்பி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மனசில் ஓர் உறுத்தல். அடுப்பை அணைத்தோமா என்று தெரியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டால் இருக்குமே, அது.

என்ன ஏது என்று பிடிபடாமல் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷகிலா பக்கத்தில் வந்து ஒரு கவரைப் பிரித்தாள்.

"அக்கா, நீங்க ஷேட் ரூம்தானே? மக கல்யாணத்துக்கு எடுத்த புடவை இது. காலைல வர்ற வழியில ப்ளவுஸ் பிட் வாங்கினேன். சேருதா பாருங்க."

நான் துணியைத் தொடுவதற்கு முன்னாலேயே வாய் கேட்டுவிட்டது. "எந்த வெளிச்சத்துல பாத்தே?"

அது என் வாய்ப் பழக்கம். ஷேட் ரூமுக்குப் புதிதாக வருகிற எந்தப் பெண்ணிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். எங்களிடம் ஒரு விளக்குப் பெட்டி உண்டு. அதில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு விளக்கு என்று ஆறு விதம் இருக்கும். ஒரு விளக்கில் அச்சாகப் பொருந்துகிற துணி அடுத்ததில் வேறாகிவிடும். ஒரே விளக்கில் பார்த்துவிட்டு ஓகே சொன்னவளை நான் அன்றைக்கு மனுஷியாக மதிக்க மாட்டேன்.

"கடைக்குள்ளதான்க்கா. மழை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாக்கல."

"எந்திரி, வெளிய வா."

வாசலுக்குப் போய் விரித்தோம். கடையில் புடவையோடு ஒட்டிப்போன ப்ளவுஸ் பச்சை, வெயிலில் நீலம் அடித்தது. "அய்யய்யோ! என்னக்கா இது, இப்படிக் காட்டுது!" என்று ஷகிலா தலையில் கைவைத்தாள்.

எனக்குப் பட்டறைக் கூடம் ஞாபகம் வந்தது. மஞ்சள் விளக்கு! வெயில் சாயத்து ஆர்டருக்காகப் போன வருஷம் எங்கள் பெட்டியிலும் அந்த விளக்கை மாட்டினோம். அதில் வெளிர் எது, அடர் எது என்று மட்டும்தான் தெரியும். சிவப்பு, பச்சை, மெரூன் எல்லாம் ஒரே சேற்று நிறம். திருப்பூரிலேயே இதைத் தெரிந்த நாலு பேரில் நான் ஒருத்தி. நான் போய் வெள்ளை விளக்கில் பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

சபரீஷால் அந்தச் சட்டையின் நிறத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

பச்சை இல்லையென்றால்? துரியோதனாக இருக்கலாம். மெரூன் போட்ட மற்ற இரண்டு பேரில் யாராகவும் இருக்கலாம். யாரென்று தெரியாது.

முதலில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எப்படியும் அவன்தான் செய்திருப்பான், பச்சையாக இருந்தால் என்ன, கறுப்பாக இருந்தால் என்ன, தம்பி கை வெந்தது வெந்ததுதானே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் குமட்டியது. நிதானி ஒட்டியிருந்தால் அந்தக் குமட்டல் வந்திருக்காது, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த நினைப்புதான் என்னைத் தூக்கி நிறுத்தியது.

உள்ளே போனேன். ஆதிரை நிதானிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இத இனி ஒட்டிக்க மாட்டேன். தீர்ப்பு தப்பு. மறுபடியும் அந்தக் கூடத்துக்குப் போகோணும், மஞ்சள் விளக்கப் போட்டுப் பாக்கோணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அக்கா, எழுதிக் கொடுத்தா கையெழுத்துக்கு முன்னாடி மறுபடி பாக்கலாம். ஆனா நிதானி ஒட்டிக்கிட்டுக் கேக்கணும். இப்ப நீங்க பேசல, உங்க கோபம் பேசுது."

"ஆமா, கோபந்தான்! கோபம் எம்மேலயே. காலைல இந்தச் சாமான ஒட்டுனப்ப என் கோபத்த எடுத்தீங்க. சரி. அந்தக் கோபம் ஏழு வாரமா எனக்குள்ள கொண்டாந்து எறக்குன மூட்டைய எடுத்தீங்களா? 'அவந்தான், அவந்தான்'னு உள்ள கெடந்துச்சே, அது அப்படியே இருந்துச்சு. சத்தந்தான் இல்ல."

"நிதானி பாரபட்சத்தக் கொறைக்குதுன்னு ஆய்வு..."

"நாச்சிமுத்தண்ணன் அந்த ஆளு பேரப் பத்திச் சொன்னாருல்ல? அப்ப அவரு கோடு என்ன கலரு?"

ஆதிரை திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீலம்! தவமணி சொன்னப்ப? நீலம். நாங்க அஞ்சு பேரும் ரொம்ப அமைதியா ஒரு மனுசன ஏழு வருசம் உள்ள தள்ளப் பாத்தோம். அவன் மூணு பக்கம் எழுதிக் குடுத்ததக்கூடப் படிக்கோணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணல. ஏன்னா உறுத்தல. உறுத்துனாத்தான அம்மிணி ஒருத்தி நின்னு கேப்பா? அந்த உறுத்தலையும் சேத்துக் கொறைச்சுப் போட்டீங்க."

"நீங்க அடிபட்டவரோட அக்கா," என்றாள் ஆதிரை மெதுவாக. "நிதானி இல்லாம உங்கள எப்படி நம்பறது?"

"என்னைய நம்பச் சொல்லி யாரு கேட்டா? விளக்கப் போடு, சட்டையப் பாரு. அவன ஜெயில்ல போடோணும்னு உங்க எல்லாத்தையும் விட எனக்குத்தான் எச்சா ஆசை. அந்த ஆசைக்காரி சொல்றேன், நாம இன்னும் ஒண்ணையும் பாக்கல."

அவள் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். விதி விதிதான், நிதானி இல்லாமல் நான் கேட்டால் செல்லாது. நானும் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. அப்போது என் பின்னால் நின்ற ஷகிலா கையை நீட்டித் தன் நிதானியை எடுத்து ஒட்டிக்கொண்டாள். திரையில் அவள் கோடு நீலமாக வந்தது.

"நான் கேக்கறேன்," என்றாள். "மஞ்சள் விளக்கு போட்டுப் பாக்கணும். எழுதிக்கோங்க."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நிதானி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது கேள்வி கேட்காது, அவ்வளவுதான். கேள்வியை யாராவது கொண்டுவர வேண்டும்.

மூன்று மணிக்குக் கூடத்துக்குப் போனோம். வெள்ளை விளக்குகளை அணைத்து மஞ்சளைப் போட்டார்கள். சோதனையை எப்படி வைப்பது என்று நான்தான் சொன்னேன். பத்து தடவை ஆள் நடக்க வேண்டும். தலையில் பட்டறைத் துணித் தொப்பி, முதுகு மட்டும் தெரிய வேண்டும். எந்தச் சட்டை, எந்த ஆள் என்பதைக் கதவுக்குப் பின்னால் ஜெபராஜ் சாரும் ஷகிலாவும் சீட்டுப் போட்டு எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். நடக்கிற ஆட்களில் துரியோதனும் உண்டு, காவலாளியும் உண்டு, நாச்சிமுத்தண்ணனும் உண்டு. எனக்கு எதுவும் தெரியக் கூடாது. என் முகத்தைப் பார்த்தே தம்பி பதில் சொல்லிவிடுவான் என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

சபரீஷ் டிரம் பக்கத்தில் நின்றான். "எதுக்குங்க்கா இதெல்லாம்?" என்றான். என்னவென்று சொல்ல? "பாத்துச் சொல்லு சாமி" என்றேன்.

"பச்சைங்க," என்றான் முதல் ஆளுக்கு. "மெரூன்." "மெரூன்." "பச்சை." ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. ஆறு வருஷம் அந்த விளக்கில் வேலை செய்தவனுக்கு அங்கே நிறம் தெரிகிற மாதிரியேதான் இருக்கும். யார் எந்தச் சட்டை என்று தெரியும், மூளையே நிறத்தைப் பூசிவிடும். ஒன்பதாவது ஆள் நடந்தபோது அவன் குரல் உயர்ந்தது. "பச்சை! சந்தேகமே இல்லீங்க. இவன் அவங்க ஆளுதான், நடையே சொல்லுதுங்களே!"

பத்தும் முடிந்தது. வெள்ளை விளக்கைப் போட்டார்கள். ஜெபராஜ் சார் பட்டியலைப் படித்தார். பத்தில் நாலுதான் சரி. துரியோதன் இரண்டு தடவை நடந்திருந்தான், இரண்டு தடவையும் மெரூன் சட்டையில். தம்பி ஒன்றுக்கு மெரூன் என்றும் ஒன்றுக்குப் பச்சை என்றும் சொல்லியிருந்தான்.

"ஒன்பதாவது?" என்றாள் ஆதிரை.

நாச்சிமுத்தண்ணன் தொப்பியைக் கழற்றினார். மெரூன் சட்டை வயிற்றில் பட்டன் போடமுடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அட, நானு வடக்கத்தியானாடா? ஏண்டா, எம்பட நடைக்கு என்னடா கொறச்சல்?" என்றார். யாருக்கோ சிரிப்பு வந்து அடங்கியது. அவர் துரியோதனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

சபரீஷ் என்னைப் பார்த்தான். "கண்ணால பாத்தனே அக்கா. பொய் சொல்றேன்னு சொல்றயா?"

"நீ பொய் சொல்லல சாமி. நீ பாத்தது முதுகு. சட்டைக்குச் சாயம் போட்டது நீயி."

"என் கைய இப்படிப் பண்ணுனவன் வெளிய சுத்தட்டும்கறயா? நீ யாரு பக்கம்?"

அவனைத் தொடப் போனேன். கட்டுப்போட்ட கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "இனி என் வாசப்படி மிதிக்காத," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை.

தீர்ப்புக்கு நாலு பேர் போதும் என்று விதி இருக்கிறது. நாலு பேரும் நிதானியை ஒட்டிக்கொண்டு, இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம் பேசி, குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று எழுதினார்கள். நாச்சிமுத்தண்ணன்தான் முதலில் கை தூக்கினாராம். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் பெயருக்கு நேரே 'நிதானம் மறுத்தவர், இனி எந்த மன்றத்துக்கும் தகுதியற்றவர்' என்று ஆதிரை எழுதவேண்டியிருந்தது. எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டாள்.

"எழுதிக்கோ அம்மிணி. கீழ கையெழுத்து எங்க போடோணும்?" என்று கேட்டு, கோகிலவாணி என்று ஒரு எழுத்துக் குறையாமல் பெரிதாகப் போட்டுவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்துத் துரியோதன் மாஜி எங்கள் ஷேட் ரூம் வாசலில் வந்து நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"நிரூபணம் ஆகலன்னு எழுதியிருக்கு. நான் பண்ணலன்னு எழுதல," என்றான். "கம்பெனியில எல்லாரும் அப்படியே பாக்கறாங்க. என் மகள ஸ்கூல்ல கேக்கறாங்க. நீங்க பண்ணலன்னு எழுத வெக்கணும்."

"நீ பண்ணலன்னு எனக்குத் தெரியாதே," என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கு அவனைப் பிடிக்கவும் இல்லை. நடந்ததையெல்லாம் மீறி, அவன் முகத்தைப் பார்த்ததும் தம்பியின் கைதான் ஞாபகம் வந்தது. பிடிக்காத ஆளுக்கும் நியாயம் உண்டு என்று தெரிந்துகொண்டேனே தவிர, பிடிக்க வைக்க என்னால் முடியவில்லை.

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும்! நான் பாத்தேன். வால்வு பக்கத்துலருந்து போனான், மெரூன் சட்டை. உங்க ஊரு ஆளு. எங்க பாஷையில எழுதிக் கொடுத்தேன். மூணு பக்கம். யாராவது படிச்சீங்களா?"

நாங்கள் படிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். "படிக்காதது தப்புதான். அஞ்சு பேருல நானும் ஒருத்தி." அவன் கொஞ்சம் தணிந்தான். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"மெரூன்னு சொன்னயே," என்றேன். "எந்த வெளிச்சத்துல பாத்தே?"

என் பின்னால் விளக்குப் பெட்டியில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. அதில் மேசை மேல் கிடந்த துணிகள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. அவன் அதைப் பார்த்தான். ஒரு துணியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

"மூணு வருஷம் அந்தக் கூடத்துல இருந்தேன்," என்றான் கடைசியில். "எனக்கும் தோணல."

போகும்போது வாசலில் நின்று திரும்பினான். "எங்க ஊர்ல துரியோதன் நல்ல பேரு. எங்க அப்பாவோட அண்ணன் பேரு." அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தான் போல. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வால்வைத் திறந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஒருவேளை யாரும் வேண்டுமென்று திறக்கவில்லையோ என்னவோ. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று சபரீஷைப் பெற்றெடுக்காத குறையாக வளர்த்த எனக்குத்தான் தெரியும். பல நாள் அவன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். செய்தது தப்பென்று ஒரு நாளும் தோன்றவில்லை. மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன், மறுபடியும் அழுவேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளை, ஷேட் ரூமில் நான் மட்டும் இருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு சபரீஷ் வந்தான். கட்டெல்லாம் பிரித்தாகிவிட்டது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்தான். நான் வா என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவானோ என்று பயம்.

"அந்த மஞ்சள் விளக்கு இங்க இருக்குதாக்கா?"

பெட்டியில் அதைப் போட்டேன். அவன் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினான். இரண்டு கைகளையும் விளக்குக்கு அடியில் நீட்டினான். தோல் சுருங்கி வரிவரியாக இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு இல்லை, திட்டுத் திட்டான ஊதா இல்லை. எல்லாம் ஒரே நிறம். நிறத்தைப் பார்த்தால் நல்ல கை மாதிரியே இருந்தது. அவன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"ஒண்ணுமே தெரியலயேக்கா."

"இல்ல சாமி. தெரியாது."

பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஆறு பொத்தான்கள் இருக்கின்றன. எது எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

"பகல் வெளிச்சம் எது அக்கா? அதப் போடு. நீயும் பாரு," என்றான்.

போட்டேன். இரண்டு பேரும் பார்த்தோம்.